பாட்டியின் பெயர் இல்லாத தாள்

மொரோக்கோவில் மத்திய அட்லஸ் மலைமேல் இருக்கும் அஸ்ரூ என்ற சிறு நகரத்துக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊருக்குள் பெரிய பாறை ஒன்று நிற்கிறது. அங்கத்திய பெர்பர் மலைமக்களின் தமாசிக்த் மொழியில் அஸ்ரூ என்றால் பாறை. அவ்வளவுதான்.

பாஸ்பேட் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு வேலைக்காக அந்த நாட்டின் கடலோரத்தில் இரண்டு வருடம் இருந்தேன். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் அஸ்ரூ பக்கத்துக்காரர். ஒரு ஏப்ரல் மாத விடுமுறையில் வீட்டுக்குக் கூப்பிட்டார். மெக்னெஸிலிருந்து ‘கிராண்ட் டாக்ஸி’யில் போனோம். பெயரில்தான் கிராண்ட். பின்னால் நாலு பேர், முன்னால் டிரைவரோடு இன்னும் இரண்டு பேர் என்று அடைத்துக்கொண்டு போகும் வண்டி அது. வழிநெடுக அரசுப் பலகைகளில் மூன்று எழுத்து: அரபி, பிரெஞ்சு, நடுவில் வட்டமும் கோடுமாக ஒரு பழங்கால எழுத்து. “அது எங்களுடையது, திஃபினாக்” என்றார் நண்பர். “உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?” என்று கேட்டேன். சிரித்தார். “என் மகள் படிப்பாள்.”

வீட்டில் புதினாத் தேநீர், ரொட்டி, ஆலிவ் எண்ணெய் எல்லாம் ஆன பிறகு ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தார். பழைய காகிதங்கள் இருந்தன. அதில் ஒன்றை, மடிப்பில் கிழிந்துவிடாமல் மெதுவாக விரித்தார். 1951ஆம் வருடத் தாள். ஊதா மையில் வட்ட முத்திரை. வழக்காற்று நீதிமன்றம் என்று பிரெஞ்சில் தலைப்பு. கீழே சில பெருவிரல் ரேகைகள். நண்பரின் பாட்டியுடைய அப்பா இறந்தபிறகு நிலத்தைப் பங்கு பிரித்த தீர்ப்பு அது. ஆண் மக்கள் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. பாட்டியின் பெயர் எங்கேயும் இல்லை. பாட்டி அதே அறையில், மூலைத் திண்டில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு பிரெஞ்சும் தெரியாது, அரபியும் கொஞ்சம்தான்.

அந்தத் தாளைப் பார்த்தபிறகுதான் எனக்கு ‘பெர்பர் தஹீர்’ என்ற விஷயத்தில் ஆர்வம் வந்தது. தஹீர் என்றால் சுல்தானின் அரசாணை. 1930 மே 16ஆம் தேதி வந்த ஓர் ஆணைக்குத்தான் இந்தப் பெயர். ஆனால் ஆணையின் தலைப்பில் இந்தப் பெயர் கிடையாது. “ஷரீஅத் நீதிமன்றம் இல்லாத, பெர்பர் வழக்காறு உள்ள குலங்களில் நீதி நிர்வாகத்தை ஒழுங்குபடுத்துதல்” என்பதுபோல, படிக்கும்போதே கொட்டாவி வரவைக்கும் தலைப்பு. பெர்பர் தஹீர் என்று பெயர் சூட்டியது எதிர்த்தவர்கள்தான். அரபியில் ‘பர்பரி’ என்றால் பெர்பர் என்றும் பொருள், காட்டுமிராண்டித்தனம் என்றும் பொருள். பெயர் சூட்டியவர் யாரோ, விவரமான ஆள்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1912 மார்ச் 30 அன்று ஃபெஸ் ஒப்பந்தத்தில் சுல்தான் கையெழுத்துப் போட, மொரோக்கோ பிரான்ஸின் ‘பாதுகாப்பு’க்குள் வந்தது. வடக்கே ஒரு பட்டை ஸ்பெயினுக்கு. முதல் ரெசிடென்ட் ஜெனரலாக, அதாவது அங்கே பிரான்ஸின் தலைமை அதிகாரியாக, வந்தவர் லியோத்தே. அல்ஜீரியாவில் செய்ததுபோல அரசை ஒழித்துவிட்டு நேரடியாக ஆள்வது அவருக்குப் பிடிக்காது. சுல்தான் இருக்கட்டும், காஜி இருக்கட்டும், நாம் பின்னால் நின்று நடத்துவோம் என்பது அவர் வழி. சமவெளியிலும் நகரங்களிலும் இது ஓடியது. மலையில் ஓடவில்லை. 1914 நவம்பரில் கெனிஃப்ரா பக்கத்தில் எல் ஹெர்ரி என்ற இடத்தில் முஹா உ ஹம்மூ என்ற சையான் குலத்தலைவரின் ஆட்கள் ஒரு பிரெஞ்சுப் படைப்பிரிவையே துடைத்தெடுத்தார்கள். ஒரே நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் செத்தார்கள். மலை முழுக்க அடங்க 1934 வரை ஆனது.

மலைமக்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஏற்கெனவே ஒரு விடை தயாராக இருந்தது, அல்ஜீரியாவின் கபிலியாவில் பழுக்கவைத்த விடை. பெர்பர்கள் பேருக்குத்தான் முஸ்லிம்கள், உள்ளுக்குள் ஜனநாயகவாதிகள், ஒருகாலத்தில் ரோமானியரோடும் கிறிஸ்தவத்தோடும் தொடர்புள்ளவர்கள், ஆகவே சீக்கிரம் நம்மவர் ஆகிவிடுவார்கள், அரபுகள்தான் சிக்கல் என்பது அந்தக் கதை. இதை நம்பிப் புத்தகம் எழுதினவர்கள் பலர். 1914 செப்டம்பர் 11 அன்று வந்த ஆணை, பெர்பர் வழக்காறு உள்ள குலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியும் நடந்துகொள்ளும் என்றது. எந்தக் குலம் அந்தப் பட்டியலில் வரும் என்பது தனி ஆணைகளில் வரும். அதாவது ஒருவர் பெர்பரா இல்லையா என்று சொல்லும் வேலையும் அரசாங்கத்துக்குப் போய்விட்டது.

லியோத்தேயின் 1921ஆம் வருடச் சுற்றறிக்கை ஒன்று பூசி மெழுகாமல் பேசுகிறது. அரபி குர்ஆனோடு சேர்ந்து கற்கப்படும் மொழி, அது வந்தால் இஸ்லாமும் வேர்பிடிக்கும், எனவே பெர்பர்கள் அரபி வழியாக வராமல் நேரே பிரெஞ்சுக்கு வரவேண்டும் என்பது அதன் சாரம். இதற்காகவே 1927இல் அஸ்ரூவில் ஒரு கல்லூரி திறந்தார்கள். மலைத்தலைவர்களின் பிள்ளைகள் அங்கே படித்து நாளைக்கு அதிகாரி ஆவார்கள், அரபி வேண்டாம்.

வழக்காறு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது என்ன? மத்திய அட்லஸில் இதற்கு இஸ்ரஃப் என்று பெயர். ஜமாஅ எனப்படும் ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் கூடித் தீர்ப்புச் சொல்லும். தண்ணீர் முறை, மேய்ச்சல் நிலம், கல்யாணம், கொலைக்கு நஷ்டஈடு எல்லாம் அதில் அடக்கம். எனக்கு மிகவும் பிடித்தது சத்திய முறை. ஒருவன் மேல் குற்றம் சொன்னால் அவன் தனியாகச் சத்தியம் செய்தால் போதாது. கூடவே அவன் பங்காளிகளும் செய்ய வேண்டும். சின்ன விஷயத்துக்குச் சில பேர், கொலைக்குப் பத்துக் கணக்கில். ஏதாவது ஒரு மகானின் அடக்கத்தலத்தில் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் பின்வாங்கினாலும் வழக்கு தோற்றது. பொய்ச் சத்தியம் செய்தால் குடும்பமே அழியும் என்ற பயம்தான் அங்கே போலீஸ். அப்புறம் சொத்து. பல குலங்களில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது. குர்ஆன் மகனின் பங்கில் பாதியை மகளுக்குக் கொடுக்கிறது. மலை அதையும் கொடுக்கவில்லை. மலைக்காரர்களுக்கு இது மதத்துக்கு எதிரானது என்றும் தோன்றவில்லை. தொழுகை ஒரு பக்கம், இஸ்ரஃப் ஒரு பக்கம். தெற்கே சூஸ் பகுதியில் இதே பெர்பர்கள் தங்கள் தானியக் கோட்டைகளின் சட்டங்களை அரபி எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள், ஷரீஅத் படித்த அறிஞர்களும் அங்கே ஏராளம். அரபு வேறு பெர்பர் வேறு, ஷரீஅத் வேறு வழக்காறு வேறு என்று கத்தியால் கோடு கிழிக்க முடியாத இடம்.

கோடு கிழித்தது காகிதம். வழக்காற்று நீதிமன்றம் என்று ஒன்றை வைத்து, பெரியவர்களை நீதிபதி என்று உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு பிரெஞ்சு அதிகாரியையும், பதிவேடு எழுத ஒரு எழுத்தரையும் வைத்தார்கள். பதிவேடு பிரெஞ்சில். வாயால் சொல்லி, அடுத்த தலைமுறையில் நாலு பேர் கூடி மாற்றிக்கொள்ளும் வழக்கம், யாரும் படிக்க முடியாத மொழியில் உறைந்துபோனது. பாட்டியின் தாள் அப்படி வந்த தாள்தான்.

சரி, 1930க்கு வருவோம். மே மாதம் வந்த ஆணையில் எட்டுப் பிரிவுகள். பெரும்பாலும் ஏற்கெனவே அரைகுறையாக நடந்துகொண்டிருந்ததற்குச் சட்ட அந்தஸ்து கொடுப்பவை: குடும்பம், வாரிசுரிமை, வணிகம் எல்லாம் வழக்காற்று நீதிமன்றத்துக்கு, அதற்கு மேல்முறையீட்டு மன்றம். வெடிமருந்து ஆறாவது பிரிவில் இருந்தது. பெர்பர் பகுதியில் நடக்கும் பெருங்குற்றங்களை, செய்தவர் யாராக இருந்தாலும், பிரெஞ்சு நீதிமன்றம் பிரெஞ்சுச் சட்டப்படி விசாரிக்கும் என்றது அது. சுல்தானின் பேரில் நடக்கும் நாட்டில், அந்த நாட்டின் பாதி மலை சுல்தானின் நீதிக்கு வெளியே போகிறது. அதில் கையெழுத்துப் போட்டதும் சுல்தானே. முஹம்மத் பின் யூசுஃபுக்கு அப்போது இருபது வயது. ரெசிடென்ட் ஜெனரல் லூசியன் சேன் நீட்டிய தாளில் போட்டார். பின்னாளில் ஐந்தாம் முஹம்மத் என்று நாடே கும்பிட்ட அரசர் இவர்தான்.

நேரமும் சரியில்லை. அதே 1930இல் அல்ஜீரியாவைப் பிடித்த நூற்றாண்டை பிரான்ஸ் மேளதாளத்தோடு கொண்டாடிக்கொண்டிருந்தது. அதே மே மாதம் துனிசியாவில் கார்த்தேஜில் மாபெரும் கத்தோலிக்க மாநாடு. அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், 1928இல், ஃபெஸ் நகரத்து மேட்டுக்குடிப் பையன் ஒருவன் பாரிஸில் படிக்கும்போது கிறிஸ்தவத்துக்கு மாறியிருந்தான். அவன் பிற்பாடு பிரான்சிஸ்கன் துறவியான ழான்-முஹம்மத் அப்துல்ஜலீல். அவன் உடன்பிறந்த உமர் அப்துல்ஜலீல் தேசிய இயக்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆணையில் மதமாற்றம் பற்றி ஒரு சொல்லும் இல்லைதான். ஆனால் வாரிசுரிமை குர்ஆன் வசனத்திலேயே பங்கு போட்டுக் கொடுத்த விஷயம். அதிலிருந்து ஒரு கூட்டத்தை விலக்கினால் அடுத்தது என்ன என்று படித்த பையன்களுக்குப் பயம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஆணையின் வாசகத்தை வெளியே கொண்டுவந்து ஊதியவர்களில் முக்கியமானவர் அப்துல்லத்தீஃப் ஸ்பிஹி. ரபாத்தில் பிரெஞ்சு நிர்வாகத்தில் வேலை பார்த்தவர், வீடு சலேயில். ரபாத்துக்கும் சலேக்கும் நடுவே பூ ரெக்ரெக் ஆறு. இந்தக் கரையில் அலுவலகம், அந்தக் கரையில் பழைய நகரம், பள்ளிவாசல். ஊர்வலம் போனால் கைது செய்வார்கள், கூட்டம் போட அனுமதி கிடையாது. என்ன செய்வது? பஞ்சம், வெட்டுக்கிளி, மழையில்லாத வருடம் என்று ஊருக்கே கேடு வரும்போது ஓதும் ஒரு துஆ, அதாவது பிரார்த்தனை, உண்டு. ‘லத்தீஃப்’ என்பது இறைவனின் பெயர்களில் ஒன்று, மென்மையானவன், கருணையாளன். அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். இந்தத் தஹீரும் வெட்டுக்கிளி மாதிரிதான் என்று முடிவு கட்டினார்கள் சலே இளைஞர்கள். ஜூன் மாத வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வந்தவர்கள் பள்ளிவாசலிலேயே ஓத ஆரம்பித்தார்கள்: யா லத்தீஃப், விதி கொண்டுவரும் கேட்டில் எங்களுக்கு உன் கருணையைக் காட்டு, எங்கள் சகோதரர்களான பெர்பர்களிடமிருந்து எங்களைப் பிரித்துவிடாதே.

இதைத் தொடங்கிவைத்தவரின் பெயருக்கே ‘லத்தீஃபின் அடிமை’ என்றுதான் அர்த்தம். கதையில் எழுதினால் நம்ப மாட்டோம்.

தொழுகையை எப்படித் தடுப்பது? ரபாத், ஃபெஸ் என்று பரவியது. ஃபெஸ்ஸில் கரவிய்யீன் பள்ளிவாசலில் ஓதிவிட்டு ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். பாரிஸில் படித்துத் திரும்பியிருந்த முஹம்மத் ஹஸன் வஸ்ஸானியைப் பிடித்து, பாஷா என்ற நகர ஆளுநரின் உத்தரவில் கசையடி கொடுத்தார்கள். கரவிய்யீனின் இளம் அறிஞர் அல்லால் அல்ஃபாஸிக்கும் அப்போது இருபது வயதுதான், சுல்தானுக்குச் சமவயது. அடுத்த முப்பது வருட அரசியலின் பெயர்கள் பாதி இந்த ஒரு கோடைகாலத்தில் வெளியே வந்தவை. ஆகஸ்டில் ஃபெஸ்ஸிலிருந்து ஒரு குழு மனுவோடு ரபாத்துக்குப் போனது. பள்ளிவாசல்களில் இந்தப் போராட்டத்தைக் கண்டித்து சுல்தானின் பெயரில் ஒரு கடிதமும் வாசிக்கப்பட்டது. எதுவும் தணியவில்லை. ஜெனீவாவில் இருந்த லெபனான்காரர் ஷகீப் அர்ஸலான் அதே ஆகஸ்டில் தஞ்சியருக்கும் தெத்துவானுக்கும் வந்து இளைஞர்களைச் சந்தித்தார்; அவர் பேனா வழியே விஷயம் கெய்ரோ பத்திரிகைகளுக்கும், அங்கிருந்து ஜாவா, இந்திய முஸ்லிம்கள் வரைக்கும் போனது. 1932இல் பாரிஸில் ‘மக்ரிப்’ என்ற பத்திரிகை தொடங்கினார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ரொபேர்-ழான் லோங்கே, கார்ல் மார்க்ஸின் கொள்ளுப்பேரன். லத்தீஃப் ஓதியவர்களுக்கு மார்க்ஸின் கொள்ளுப்பேரன் துணை.

அடுத்து இவர்கள் செய்ததை நான் பெரிய சாமர்த்தியம் என்பேன். கையெழுத்துப் போட்ட சுல்தானைத் திட்டாமல் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அவர் பட்டத்துக்கு வந்த நவம்பர் 18ஐ அரியணைத் திருநாள் என்று 1933இல் முதன்முதலாகக் கொண்டாடினார்கள். பிரெஞ்சுக்காரர் தடுக்க முடியுமா, அவர்கள் வைத்த சுல்தான்தானே! 1934 ஏப்ரலில் அந்த ஆறாவது பிரிவைச் செல்லாததாக்கிப் பெருங்குற்ற விசாரணையைச் சுல்தானின் நீதிமன்றத்துக்கே திருப்பினார்கள். வழக்காற்று நீதிமன்றங்கள் மட்டும் 1956இல் நாடு சுதந்திரம் அடையும் வரை ஓடின. அஸ்ரூ கல்லூரியோ, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. 1944இல் சுதந்திர அறிக்கை வந்தபோது அங்கே படித்த பையன்களும் கிளர்ச்சியில் இறங்கினார்கள். (அங்கே படித்த ஊஃப்கிர் பிரெஞ்சுப் படையில் அதிகாரியாகி, சுதந்திரத்துக்குப் பின் தளபதியாகி, 1972இல் அரசரின் விமானத்தையே சுடவைத்தது தனிக் கதை.) 1953இல் சுல்தானை நாடு கடத்த பிரெஞ்சுக்காரருக்குத் தோள் கொடுத்த மர்ராகேஷ் பாஷா எல் கிளாவி ஒரு பெர்பர், 1955இல் வடக்கே ரிஃப் மலையிலும் மத்திய அட்லஸிலும் துப்பாக்கி எடுத்து சுல்தானைத் திரும்பக் கொண்டுவரப் போரிட்டவர்களும் பெர்பர்களே.

இங்கேதான் எனக்கு உறுத்தல். லத்தீஃப் ஓதிய பையன்கள் நகரத்து அரபிக்காரர்கள். அவர்கள் ‘சகோதரர்கள்’ என்று சொன்ன ஆட்களில் ஒரு பகுதியினர், அதே 1930இல், மலையில் பிரெஞ்சு விமானக் குண்டுக்குக் கீழே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். 1933 பிப்ரவரியில் சக்ரோ மலையின் பூ கஃபெர் முகட்டில் ஆயித் அத்தா குலத்தார் அஸ்ஸூ உபஸ்லாம் தலைமையில் நாற்பது நாள் போல முற்றுகையைத் தாங்கினார்கள். அவர்களுக்கு ஆறாவது பிரிவைப் பற்றி யார் போய்ச் சொன்னார்கள்? சட்டம் போட்டவன் அவர்கள் பேரில் போட்டான், எதிர்த்தவனும் அவர்கள் பேரில் எதிர்த்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த ‘சகோதரர்’ வேறு விதமாகத் திரும்பினார். நாடு ஒன்று, மொழி அரபி. உன் மொழியைப் பள்ளியில் சொல்லிக்கொடு என்று அமாசிக் (பெர்பர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) ஆள் ஒருவர் வாய் திறந்தால் போதும், நீ தஹீர் கட்சியா, லியோத்தேயின் வாரிசா என்பார்கள். பாடப்புத்தகத்தில் தேசிய இயக்கத்தின் பிறந்தநாள் 1930 மே 16. அந்த நாளில் எதிர்க்கப்பட்ட பொருளாக, ஒரு சூழ்ச்சியாக, பெர்பர் என்ற சொல் உள்ளே வருகிறது. பிள்ளைக்கு அமாசிக் பெயர் வைத்தால் பதிவு செய்ய மறுத்த காலமெல்லாம் உண்டு. இந்தக் கசப்பில்தான் இன்றைய அமாசிக் ஆர்வலர்களில் சிலர், ‘பெர்பர் தஹீர்’ என்பதே நகரத்துக்காரர் கட்டிய பெரிய பொய், அது வெறும் நீதி நிர்வாக ஆணை என்கிறார்கள். எட்டுப் பிரிவுகளை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். 1921 சுற்றறிக்கையையும் அஸ்ரூ கல்லூரியையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவர்கள் கோபத்தின் நியாயம் புரிகிறது. என் மொழியைக் காலனிக்காரன் தன் லாபத்துக்குத் தொட்டான் என்பதற்காக என் மொழியே குற்றவாளி ஆகுமா?

2001 அக்டோபரில் அரசர் ஆறாம் முஹம்மத் கெனிஃப்ரா பக்கத்தில் அஜ்திரில் நின்று, அமாசிக் பண்பாடு எல்லா மொரோக்கர்களின் சொத்து என்று பேசினார். 2003இல் திஃபினாக் எழுத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அரபி எழுத்தா லத்தீன் எழுத்தா என்று இரண்டு கட்சியும் மல்லுக்கு நிற்க, இரண்டுமில்லாத மூன்றாவது வென்றது. 2011 அரசியலமைப்பில் தமாசிக்த் ஆட்சிமொழி. 2024இலிருந்து யென்னாயெர் என்ற அமாசிக் புத்தாண்டுக்கு அரசு விடுமுறை. அஸ்ரூ கல்லூரிக்கு இப்போது தாரிக் இப்னு ஸியாத் பெயர். பெர்பர் தளபதி, அரபி வரலாற்றின் நாயகன், யாருக்கும் ஆட்சேபம் இல்லாத பெயர். வாசல் வரை போய்ப் பார்த்தேன். பையன்கள் டார்ஜா என்ற பேச்சு அரபியும் தமாசிக்தும் கலந்து கத்திக்கொண்டு வெளியே வந்தார்கள்.

நண்பரிடம் இதையெல்லாம் பேசிக்கொண்டிருந்த ராத்திரி, பாட்டியிடம் ஒன்று கேட்டுச் சொல்லச் சொன்னேன். 1930இல் நகரத்துப் பள்ளிவாசல்களில் உங்களுக்காக லத்தீஃப் ஓதினார்களாம், சின்ன வயதில் பெரியவர்கள் யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? நண்பர் தமாசிக்தில் கேட்டார். பாட்டி அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். ஏதோ சொல்லிவிட்டு ரொட்டிக் கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

“லத்தீஃபா? மழை இல்லாத வருஷம் ஓதுவோமே, அதுவா என்று கேட்கிறார்” என்றார் நண்பர். “இந்த வருஷம் நல்ல மழையாம்.”